தோற்காத அணிக்கு ஒரு சேவல்

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி இந்த ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அந்தப் பெருமையில் பாதி தனக்குச் சேர வேண்டும் என்பது பரஞ்சோதியின் எண்ணம். இத்தனைக்கும் அவர் பந்தைத் தொட்டு விளையாடியவர் இல்லை, கல்லூரி பஸ்ஸை ஓட்டுகிறவர். வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் முன் சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, அதன் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுப்பார். முதல் ஆட்டத்துக்கு அப்படிச் செய்தார், ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்த பிறகு நிறுத்த முடியுமா? இப்போது சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும்கூட "அங்கிள், லைம் வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுகிறார்கள்.

கோலா கெத்தில் ஊரின் சந்தையான பாசாருக்குப் பக்கத்தில் லோகேஸ்வரன் ஒட்டுக்கடை வைத்திருக்கிறான். காலையில் பசியாற வருகிறவர்களிடம் பரஞ்சோதி அணியின் புகழைப் பாடுவது அங்கேதான். இந்த வாரம் அரையிறுதியையும் ஜெயித்துவிட்டதால் பாட்டு கொஞ்சம் நீளமாகவே இருந்தது. லோகேஸ்வரன் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"நானும் ஃபோன்ல பாத்தேண்ணே. உங்க டீம்ல ஒரு ஆளுதான் வெளையாடுது. அந்த மெய் யீ பொண்ணு. அது ஒக்காந்தா எல்லாம் ஒக்காந்துரும்."

"ஒரு ஆளு வெளையாடி எல்லாத்தையும் ஜெயிக்க முடியுமாலா?"

"கடைசில பாத்தீங்களா, எல்லாம் நாக்கு தள்ளிக்கிட்டு நிக்குதுங்க. எதிர்ல இருந்தவங்களும் மட்டமா போனதால தப்பிச்சிட்டீங்க."

பரஞ்சோதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். லோகேஸ்வரன் பொய் சொல்லியிருந்தால் இருந்து சண்டை போட்டிருப்பார். அவன் உண்மையைச் சொன்னதால்தான் எழுந்து போக வேண்டியதாயிற்று.

அணியின் ஓட்டை உடைசல் அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆட்டம் தொடங்கும்போது இறங்குகிற அதே ஐந்து பேர்தான் முடிகிற வரைக்கும் ஓடுகிறார்கள். முதல் பாதியில் மான்குட்டிகளாக ஓடுகிறவர்கள் கடைசிக் கால் பகுதியில் கால் பின்னித் தடுமாறுகிறார்கள். இரண்டாவது குறை இன்னும் மோசம். மெய் யீ பந்தை எறிந்தால் விழுந்தே தீரும் என்று மற்ற நாலு பேரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்துக்கு யாரும் தாவுவதில்லை. அதை எதிரணி சுலபமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஒருமுறை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று கோச் லிம்மிடம் இதைப் பட்டும் படாமலும் சொல்லியும் பார்த்தார். லிம் கோபப்படவில்லை. "தெரியும் அண்ணே," என்றார் மலாய் மொழியில். "பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளையும் மாற்றி மாற்றி இறக்க வேண்டும். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியை எப்படிக் கலைப்பது? நீங்கள் அந்தப் பழம் வைப்பதை நிறுத்துவீர்களா?" பரஞ்சோதிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்கு மேல் பேசவில்லை.

பேசாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த பெஞ்சின் கடைசியில், பதினான்காம் எண் ஜெர்சியோடு, ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருப்பது அவருடைய மகள் துர்காஷினி.

அவர்கள் வீடு கோலா கெத்திலுக்கு வெளியே, பழைய தோட்டத்து நிலத்தில் கட்டிய மலிவு வீட்டு வரிசையில் கடைசி வீடு. வீட்டின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, பழைய வாளியின் வளையத்தைப் பற்றவைத்துக் கொடுத்திருந்தார் பரஞ்சோதி. கம்பத்துக்குப் பின்னாலேயே பெரிய லோங்கான் ஓடுகிறது. வரிசையிலுள்ள எல்லா வீட்டுக் கழிவுத் தண்ணீரும் அதில்தான். பந்து வளையத்தில் பட்டுக் கீழே விழுந்தால் நேராக லோங்கானுக்குள் போகும். அப்புறம் அதைக் குச்சியால் இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அம்மாவிடம் திட்டும் வாங்க வேண்டும். அதனால் துர்காவுக்குப் பந்து போடுவதைவிடப் பந்து பிடிப்பதில்தான் குறி. தரையில் படுவதற்கு முன்னால் தாவிப் பிடித்துவிடுவாள். அணிக்கு இல்லாதது எதுவோ அது இந்தப் பெண்ணிடம் இருக்கிறது என்பது பெற்றவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நல்ல மழை. அவர் மனைவி உமாராணி அன்று சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்திருந்தாள். எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனையின் குலையை வெட்டித் தள்ளும்போது சிதறுகிற பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் போடுகிற வேலை. இடுப்பு ஒடிந்துபோகும், விரலில் முள் ஏறாத நாள் கிடையாது. வந்ததும் குளித்துவிட்டு, கோலா கெடாவிலிருந்து வருகிற கருவாட்டைச் சம்பலில் போட்டுப் பிரட்டி, பயற்றங்காய் வதக்கிச் சோறு வடித்திருந்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது துர்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"சனிக்கெழம ஃபைனலுக்கு நான் வரலப்பா."

"வரலன்னா?"

"பஸ்ல ஏற மாட்டேன். ஜெர்சிய கோச்கிட்ட குடுத்துறப் போறேன். இனிமே வெளையாட்டு வேணாம்."

பரஞ்சோதி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "ஃபைனல்மா. ஒரு ஆட்டம்கூட தோக்கல நாம."

"நாமன்னா யாருப்பா? நான் தண்ணி போத்தல் எடுத்துக் குடுக்கறேன். துண்டு மடிச்சி வைக்கறேன். அதுக்கு எதுக்கு ஜெர்சி? டீ-சட்ட போட்டுக்கிட்டே செய்யலாம்லா."

"பெஞ்சில இருக்கறவங்களும் டீம்தான்லா."

"நீங்க கை தட்டறத பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்பா. மெய் யீ போட்டா எழுந்து நின்னு தட்டறீங்க. அய்னா போட்டாலும் தட்டறீங்க. நான் உங்களுக்கு நேர் எதிர்லதான் ஒக்காந்திருக்கேன். ஒரு தடவகூட என் பக்கம் பாத்ததில்ல."

அவள் குரல் உயரவில்லை. அழவும் இல்லை. சாப்பிட்ட மங்குத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பரஞ்சோதி பார்க்காமல் இருந்தது மறந்துபோய் அல்ல. அந்தக் கடைசி நாற்காலியைப் பார்த்தால் கைதட்ட முடியாது என்றுதான் அவர் பார்க்கவில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது?

உமாராணி மகளின் பையிலிருந்து ஜெர்சியை எடுத்து மோந்து பார்த்தாள்.

"சோப்பு வாசம்தான் வருது. போன ஆட்டத்துக்கு முன்னாடி நான் தொவைச்ச சோப்பு."

"அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?"

"அந்தக் கோச்சுகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னா?"

"பஸ் ஓட்டறவன் போயி எம்மவள எறக்குங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"அதுக்காகத்தான் கேக்கலியா? இல்ல, இவள எறக்கி டீம் தோத்துருமோன்னு பயந்துக்கிட்டு கேக்கலியா?"

மழை தகரக் கூரையில் சத்தமாகப் பெய்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. காதில் விழாததுபோல் பரஞ்சோதி கை கழுவப் போனார். கொல்லையில் கூண்டுக்குள் செவலைச் சேவல் நனைந்த இறக்கையை உதறிக்கொண்டு கொக்கரித்தது. அந்தச் சேவல் வீட்டில் யாரையும் மதிக்காது. தீனி போடுகிற கையையே கொத்தும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பரஞ்சோதி மோட்டார் சைக்கிளில் சிடாம் கிரித் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனார். செம்பனை மரங்களுக்கு நடுவில் தகரக் கொட்டகை, ஆளுயரச் சிலை, முன்னால் சூலம். சக்கரத்துக்கு வைக்கிற பழத்தை அந்தச் சூலத்தின் காலடியிலிருந்துதான் எடுத்துப் போவது வழக்கம். பூசாரி காளிதாசன் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்க்கிறவர். ஜாகா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேட்டியோடு வந்து நின்றார். திருநீறு கொடுத்தவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"பரஞ்சோதி, நாளைக்கு ஃபைனலாமே. ஜெயிச்சா சேவலக் கொண்டாந்துருவீங்க."

"ஒரு ஆட்டம்கூட தோக்காம கப்ப வாங்கணும்னுதானே நேந்துக்கிட்டேன். கண்டிப்பா கொண்டாருவேன்."

"எந்தச் சேவல்?"

"எங்கிட்ட இருக்கறது ஒண்ணுதான் பூசாரி. செவல."

காளிதாசன் தலையைச் சொறிந்தார். "அதான் ரோசனையா இருக்கு. அந்தச் செவலய உங்க வீட்டம்மா ஏற்கெனவே நேந்துவிட்டுருக்காங்க."

"யாரு, உமாவா? எதுக்கு?"

"சொல்லக் கூடாதுதான். ஆனா ஒரே சேவல ரெண்டு பேரும் நேந்துவிட்டா நான் யாரு பேரச் சொல்லிக் குடுக்கறது? ரெண்டு மாசம் இருக்கும். காட்டு வேலைய முடிச்சிட்டு சாக்குத் துணியோட அப்படியே வந்து நின்னாங்க. எம்மவ ஒரு தடவையாச்சும் எறங்கி வெளையாடணும், சட்ட நனைய வேர்த்து வீட்டுக்கு வரணும், வந்தா செவல ஒனக்குன்னு சொன்னாங்க."

பரஞ்சோதிக்கு முதலில் வந்தது கோபம்தான். "அது எப்பிடிப் பூசாரி? டீமு நல்லா வெளையாடுச்சின்னா கோச்சு அந்த அஞ்சு பேரத்தான் விடுவாரு. இவ எறங்கணும்னா டீமு எக்குத்தப்பா எங்கனாச்சும் மாட்டணும். நான் ஒண்ணு கேக்க, அவ அதுக்கு நேர் எதிரா கேட்டு வச்சிருக்கா."

"அதத்தான் சாமியும் யோசிக்குதோ என்னமோ," என்றார் காளிதாசன். "என் சர்வீசுல இப்பிடி ஒரு கேஸ் வந்ததில்ல. ஒரு வீட்டுல இருந்து ஒரு வேண்டுதல் கொண்டாந்தா எனக்கும் சுளுவா இருக்கும்லா."

பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த பரஞ்சோதி உமாராணியிடம் எதுவும் கேட்கவில்லை. மண்சாலையில் குழிகளை விலக்கி ஓட்டி வரும்போதே கோபம் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. சாக்குத் துணியோடு அவள் கோயிலில் நின்ற கோலம்தான் கண்ணுக்குள் நின்றது. தான் கேட்டது கப்பு, அவள் கேட்டது மகளுடைய வேர்வை. எதைக் கொடுப்பது என்று சாமி யோசிப்பதில் தப்பில்லை என்று பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளின் அறை வாசலில் நின்றார். "நாளைக்கு வாம்மா. குடுக்கறதுன்னாலும் ஆட்டம் முடிஞ்சப்பறம் நீயே கையில குடு. பாதியில விட்டுட்டுப் போறது மரியாத இல்ல."

"கடைசிப்பா. குடுத்துட்டு வந்துருவேன்."

"சரிம்மா."

சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் கல்லூரி வாசலில் கூடிவிட்டார்கள். பரஞ்சோதி பழத்தை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்துக்குக் குனிந்தார். குனிந்த நிலையில் பார்த்தால் பஸ் படிக்கட்டில் ஏறுகிற கால்கள் மட்டும் தெரிந்தன. குதித்து ஏறுகிற கால்கள், ஓடி ஏறுகிற கால்கள். எல்லாருக்கும் கடைசியில் இரண்டு கால்கள் அவசரமே இல்லாமல் நின்றன. அந்தக் காலணியை வாங்கிக் கொடுத்தவருக்கு அது யாருடையது என்று தெரியாதா? அடிப்பாகம் இன்னும் தேயவே இல்லை.

பரஞ்சோதி நிமிர்ந்தார். பழத்தைத் திரும்பவும் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். அணி தோற்க வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. சாமியைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் விடுவோம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"அங்கிள், லைம் வச்சாச்சா?" என்றாள் மெய் யீ ஜன்னல் வழியாக.

"ஆச்சும்மா," என்று கூசாமல் பொய் சொன்னார்.

குரூண் தாண்டும்போது ஜெராய் மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வயல். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பையிலிருந்த பழத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அலோர் ஸ்டாரில் அரங்கத்துக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தபோது, இந்தத் தடவை வேண்டுமென்றே அந்தக் கடைசி நாற்காலியைத்தான் முதலில் பார்த்தார். துர்கா தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் எப்போதும் போலத் தொடங்கியது. மெய் யீ எறிந்ததெல்லாம் விழுந்தது. பாதி ஆட்டத்தில் நல்ல வித்தியாசத்தில் முன்னால் இருந்தார்கள். பழைய பழக்கத்தில் பரஞ்சோதி எழுந்து கை தட்டினார், மகளைப் பார்த்ததும் உட்கார்ந்தார். இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் பின்னால் இருந்தவர் "அண்ணே, ஒண்ணு நில்லுங்க, இல்ல ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டார்.

கடைசிக் கால் பகுதியில் அவர் பயந்தது நடந்தது. எதிரணி மூன்று பேரை மாற்றிப் புது ஆட்களை இறக்கியது. நம் பிள்ளைகள் கால் இழுக்க ஆரம்பித்தார்கள். தப்பிய பந்தையெல்லாம் எதிரணி அள்ளிக்கொண்டு போனது. முன்னிலை கரைந்து, சமமாகி, பின்னால் போனது. களைப்பில் மெய் யீ ஒருத்தியை இடித்துவிட, நடுவர் விசிலை ஊதிக் கையை விரித்துக் காட்டினார். அது அவளுக்கு ஐந்தாவது ஃபவுல். இனி அவள் களத்தில் இருக்க முடியாது.

கோச் லிம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். பிறகு கடைசி நாற்காலியைப் பார்த்து விரலை ஆட்டினார்.

துர்கா கையிலிருந்த துண்டை அவசரத்தில் கோச்சிடமே கொடுத்துவிட்டு ஓடினாள். அவரும் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பரஞ்சோதிக்குக் கை தட்ட வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. இரண்டு கையும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அய்னா எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. எல்லாரும் வாய் பார்த்தார்கள். துர்கா மட்டும் பின்னால் லோங்கான் இருக்கிறதுபோலத் தாவினாள். பிடித்தாள், மறுபடியும் அய்னாவிடமே கொடுத்தாள். இந்த முறை விழுந்தது. அடுத்து எதிராளி எறிந்த பந்து தப்பியது, அதையும் பிடித்தாள். ஒரு முறை தரையில் விழுந்து சறுக்கிக்கொண்டே போய்ப் பிடித்தாள். விழப்போகிற பந்து எதுவும் விழவில்லை. எதிராளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பதினாலாம் நம்பர் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும்.

ஆனாலும் நேரம் போதவில்லை. மூன்று புள்ளி பின்னால் இருக்கையில் கடைசியாக அய்னா எறிந்த பந்து வெளியே தெறித்தது. துர்கா அதைக் காற்றிலேயே பிடித்து அங்கிருந்தே போட்டாள். விழுந்தது. சங்கு ஊதிவிட்டது. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

ஆண்டு முழுவதும் தோற்காத அணி தோற்றுவிட்டது. நம் பக்கத்து இருக்கைகளில் பேச்சு மூச்சில்லை. அந்த நேரத்தில் ஒருத்தர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். பெற்றோர்கள் எல்லாரும் திரும்பி, கல்லூரி டிரைவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள். பரஞ்சோதிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கண்ணீர் ஓட ஓடத் தட்டினார். எதிர்ப்பக்கத்தில், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற துர்கா நிமிர்ந்து பார்த்தாள். தன்னைப் பார்த்துத்தான் தட்டுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்குள் ஒரே அழுகை. மெய் யீ முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். பரஞ்சோதிக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சக்கரத்துக்கு வைக்காத பழம் சட்டைப் பையில் உறுத்திக்கொண்டே வந்தது. இத்தனை நாள் தூக்கிக் கொண்டாடியவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று ஒரு மனம் குத்தியது. இன்னொரு மனம் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தாள் துர்கா. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முழங்கை சிராய்த்திருந்தது. எல்லாரும் அழுகிற இடத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா."

"ம்."

"தோத்துட்டோம்."

"ஆமாம்மா. தோத்துட்டோம்," என்றார் பரஞ்சோதி. நாம் என்று அவள் சேர்த்துச் சொன்னதைக் கவனித்தார்.

"ரொம்பப் பசிக்குதுப்பா."

வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. உமாராணி வாசலிலேயே நின்றாள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று கேட்கவில்லை. மகளின் பையை வாங்கித் திறந்தாள். ஜெர்சி ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. வேர்வை நாற்றம் குப்பென்று வந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே மகளைப் பார்த்தாள்.

"குடுத்துருவேன்னு சொன்ன?"

"நாத்தத்தோட எப்பிடிம்மா குடுக்கறது?" என்றாள் துர்கா. அப்புறம் சோற்றுப் பானையைத் திறந்துகொண்டே சொன்னாள். "திங்கக்கெழம பயிற்சி இருக்காம். அதுக்குள்ள காய்ஞ்சிருமா?"

உமாராணி ஜெர்சியை வாளியில் போட்டாள். கணவனுடைய சட்டையையும் சேர்த்து ஊற வைக்க எடுத்தபோது பையில் என்னவோ உருண்டது. எடுத்துப் பார்த்தாள். நசுங்காத எலுமிச்சம்பழம். பரஞ்சோதி சட்டென்று கூரையைப் பார்த்தார். அவள் அதை அடுப்பங்கரை மேடையில் வைத்துவிட்டு வந்தாள்.

"காலையில அந்தச் சேவல நீங்கதான் புடிக்கணும்," என்றாள். "என்னைய கொத்தும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் மோட்டாரில் கோயிலுக்குப் போனார்கள். பின்னால் உமாராணி மடியில் சாக்குக்குள் செவலை. பரஞ்சோதியின் புறங்கையில் அது கொத்திய காயம் இரண்டு. காளிதாசன் சேவலையும் பார்த்தார், இருவரையும் பார்த்தார்.

"டீம் தோத்துருச்சின்னு கேள்விப்பட்டேன். அப்ப இது யாரு பேருல?"

"அவ பேரச் சொல்லுங்க பூசாரி," என்றார் பரஞ்சோதி. "தூக்கிட்டு வந்தது மட்டும் நான்."

பூசை முடிந்து சுருட்டுப் பொருத்தி வைத்து, திருநீறு கொடுக்கும்போது காளிதாசன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "அடுத்த வருசத்துக்கு என்னா வேண்டிக்கறீங்க?"

பரஞ்சோதி வாயைத் திறந்தார். அதே நேரத்தில் உமாராணியும் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மூடிக்கொண்டார்கள்.

"மொதல்ல நாங்க வீட்டுல பேசிக்கிறோம் பூசாரி," என்றாள் உமாராணி. "அப்பறம் வந்து சொல்றோம்."